நனைந்த சிடிக்களைப் படிக்க எந்த டிரைவ்?

சிந்துபூந்துறையில் பெரியம்மை வீட்டு இரும்புப் பீரோவின் அடித்தட்டில் இருந்த சிடி, டிவிடிகள் 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணித் தண்ணீருக்குள் கிடந்தவை. அந்த மாதம் 17, 18 தேதிகளில் பெய்த மழையைத் திருநெல்வேலிப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. வீட்டுக்குள் புகுந்த சேற்றை அள்ளி, மெத்தைகளைத் தூக்கிப் போட்டு, பத்திரங்களையும் ரேஷன் கார்டையும் காயவைத்த பரபரப்பில், ஜிப் வைத்த சிடிப் பையை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. அது அப்படியே பரணுக்குப் போய்விட்டது. இப்போது பரணை ஒதுக்கும்போது கண்ணில் பட்டு, "இதில் ஏதாவது தேறுமா என்று பாரேன்" என்ற சொல்லோடு என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

பையில் இருந்தவை பல தினுசு. கல்யாண வீடியோக்கள் விசிடியாக, அதாவது சிடியில் பதித்த வீடியோவாக. ஊர்ச் சுடலைமாடன் கோவில் கொடைத் திருவிழாவின் வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும், அவையும் விசிடிதான். 2009-இல் புது வீட்டுக்குக் குடிபோனபோது நடந்த பால்காய்ப்பு, டிவிடியில். கையடக்கக் கேமராவில் நேரடியாகப் பதிவான 8 சென்டிமீட்டர் குட்டி டிவிடிகள் சில. எதற்கும் வேறு பிரதி இல்லை. எடுத்த ஸ்டுடியோக்காரரிடம் மூலக் கேசட் இருக்குமா என்று கேட்பது வீண்; அந்த ஸ்டுடியோ இருந்த இடத்தில் இப்போது மொபைல் கவர் விற்கிறார்கள்.

என் கம்ப்யூட்டரில் டிவிடி ரைட்டர் கிடையாது. கண்ணாடி வைத்த புதுக் கேபினெட். முன்பக்கத்தில் காற்றாடிகள் இருக்கின்றன, டிரைவ் பொருத்தும் திறப்பு இல்லை. இப்போது வருகிற கேபினெட் பெரும்பாலும் இப்படித்தான். ஆகவே முதலில் எழுந்த கேள்வி, யூஎஸ்பியில் செருகும் எக்ஸ்டர்னல் டிரைவ் ஒன்று வாங்குவதா, கேபினெட்டுக்குள் பொருத்தும் பெரிய டிரைவைத் தேடுவதா என்பது. கடைக்காரர் யாரைக் கேட்டாலும் எக்ஸ்டர்னல் என்றுதான் சொல்வார். நல்ல நிலையில் இருக்கும் சிடிக்கு அந்தப் பதில் சரி. சேற்றில் ஊறி எழுந்த சிடிக்கு நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

டிரைவுக்குப் போகும் முன் கழுவும் வேலை. இதை அவசரமாகச் செய்தால், பிறகு எந்த டிரைவ் வாங்கியும் பயனில்லை.

சிடியில் தகவல் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் எப்படிக் கழுவுவது என்பது தானே விளங்கிவிடும். 1.2 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட சிடியில், ஒளியை எதிரொளிக்கும் உலோகப் படலம் மேல்பக்கம், பெயர் எழுதுகிற பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கு மேலே மெல்லிய வார்னிஷ் பூச்சு மட்டுமே. அடிப்பக்கத்தில் கீறல் விழுந்தால் தேய்த்துச் சரிசெய்யலாம். மேல்பக்கத்தில் கீறினால் தகவலே உரிந்து வந்துவிடும். டிவிடி அப்படியில்லை. 0.6 மில்லிமீட்டர் தகடுகள் இரண்டை ஒட்டி, தகவலை நடுவில் வைத்திருக்கிறார்கள். வெள்ளத்தில் கிடந்தவற்றில் டிவிடிகள் மேலும் கீழும் வெறும் பிளாஸ்டிக் ஆனதால் தப்பித்தன. சிடிக்களில் ஓரம் பிரிந்து, வெளிச்சத்தில் பிடித்தால் ஊசித் துளைகளாக ஒளி வருகிறவை சில இருந்தன. அவற்றை முதலிலேயே தனியே எடுத்து வைத்தேன்.

மணமக்கள் படம் அச்சிட்டு மேலே ஒட்டிய காகித லேபிள்கள் ஊறி உப்பியிருந்தன. உரிக்கக் கை துறுதுறுக்கும். உரிக்கவே கூடாது, காகிதத்தோடு படலமும் வந்துவிடும். ஆனால் உப்பிய காகிதத்தோடு வேகமாகச் சுழன்றால் எடை ஒரு பக்கம் சாய்ந்து வட்டு அதிரும். அத்தகைய வட்டுகளை மெதுவான வேகத்தில் மட்டுமே ஓட்டுவது என்று ஒதுக்கினேன்.

காய்ந்த வண்டலைத் துணியால் துடைத்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது போல ஆகிவிடும். வாளித் தண்ணீரில் ஊறவிட்டு, வண்டல் தானாகக் கரைந்த பின்பே பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி விட்டு, பழைய பருத்தி வேட்டித் துணியால் நடுத்துளையிலிருந்து விளிம்பை நோக்கி நேராக வழித்தேன். வட்டமாகத் துடைப்பது ஆகாது. சிடியின் பிழைதிருத்த முறை, பாதையை ஒட்டி ஏறக்குறைய 2.5 மில்லிமீட்டர் நீளம்வரை தகவல் போனாலும் மீட்டெடுத்துவிடும். குறுக்காக விழும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு நூலிழை அளவே பாதையை மறைக்கும், அதைச் சமாளித்துக்கொள்ளும். பாதையோடு சேர்ந்து ஓடும் வட்டக் கீறல் அந்த வரம்பைத் தாண்டிவிடும்.

எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் புள்ளி படியும். அதனால் கடைசி அலசலுக்கு இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரைப் பயன்படுத்தினேன். அலசியவற்றை அடுக்களையில் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் எவர்சில்வர் ஸ்டாண்டில் நிறுத்தி, நிழலில் உலரவிட்டேன். சிடிக்கென்றே செய்தது போல இடைவெளி கச்சிதமாக இருக்கிறது. வெயிலில் வைக்கக் கூடாது. வீட்டில் எழுதும் சிடிக்களில் தகவலைத் தாங்குவது ஒரு சாயப் படலம். வெயிலும் சூடும் அதற்கு ஆகாது.

இனி டிரைவ்.

என்னிடம் ஏற்கெனவே ஒன்று இருந்தது. பழைய லேப்டாப்பில் இரண்டாவது டிஸ்க் பொருத்துவதற்காக அதன் டிவிடி டிரைவைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் டிஸ்கைத் தாங்கும் 'கேடி' என்ற சட்டத்தைப் போட்டிருந்தேன். பலரும் செய்வதுதான். கழற்றிய டிரைவ் மேசை இழுப்பறையில் கிடந்தது. அதற்கு யூஎஸ்பி உறை ஒன்று வாங்கி மாட்டினால் எக்ஸ்டர்னல் டிரைவ் தயார். உறை வாங்கும்போது இரண்டு விஷயத்தைப் பார்க்க வேண்டும். லேப்டாப் டிரைவ்களில் 12.7 மில்லிமீட்டர், 9.5 மில்லிமீட்டர் என்று இரண்டு தடிமன் உண்டு. ஒன்றின் உறையில் மற்றது சரியாக உட்காராது. அடுத்தது கனெக்டர். ஹார்ட் டிஸ்கை இணைக்கும் சாட்டா கனெக்டரில் தகவலுக்கு 7 பின், மின்சாரத்துக்கு 15 பின். லேப்டாப் டிவிடி டிரைவில் தகவலுக்கு அதே 7, மின்சாரத்துக்கு 6 மட்டும். ஹார்ட் டிஸ்க் உறைக்குள் இதைச் செருக முடியாது. இன்னும் பழைய லேப்டாப் என்றால் சாட்டாவே இருக்காது, அகலமான வேறொரு கனெக்டர் இருக்கும். அதற்கென்று தனி உறை வேண்டும்.

டிரைவின் முதுகில் ஒட்டியிருந்த லேபிளில் 5 வோல்ட், 1.5 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தார்கள். முழு விவகாரமும் இந்த எண்ணில்தான் அடங்கியிருக்கிறது. யூஎஸ்பி 2.0 துளை விதிப்படி தர வேண்டியது 500 மில்லிஆம்பியர். யூஎஸ்பி 3.0 என்றால் 900. லேபிளில் உள்ள 1.5 ஆம்பியர் எப்போதும் தேவைப்படுவதில்லை. நின்றிருக்கும் மோட்டார் கிளம்பும் நொடியிலும், வட்டில் எழுதும்போதும், படிக்க முடியாமல் தடுமாறி நின்று நின்று மறுபடி முயலும்போதும் அந்த உச்சத்தை நெருங்கும். நல்ல சிடியை ஒரே மூச்சில் படிக்கும் டிரைவ் இந்தப் பற்றாக்குறையை வெளியே காட்டாது. கெட்ட சிடியைப் போட்டால் காட்டிவிடும். மோட்டார் ஏறும், இறங்கும், "டக்" என்று ஒரு சத்தம், பிறகு கம்ப்யூட்டரில் டிரைவே காணாமல் போய் மறுபடி தோன்றும். பார்க்கிறவர் சிடி செத்துவிட்டது என்று முடிவு கட்டுவார். மின்சாரம் பற்றாமல் டிரைவ் மயங்கி விழுந்ததுதான் நடந்திருக்கும்.

இதற்காகத்தான் இரட்டைத் தலைக் கேபிள் வைத்திருக்கிறார்கள். ஒரு தலை தகவலுக்கும் மின்சாரத்துக்கும், மற்றது மின்சாரத்துக்கு மட்டும். இரண்டையும் கேபினெட்டின் பின்புறம் மதர்போர்டிலேயே இருக்கும் துளைகளில் செருகினேன். முன்புறத் துளைக்கு உள்ளே ஒரு நீளக் கம்பி வருகிறது, அதில் கொஞ்சம் வோல்ட்டேஜ் இழப்பு. தனி மின்சாரம் இல்லாத யூஎஸ்பி ஹப்பில் செருகுவதை நினைத்தே பார்க்க வேண்டாம். நீளமான மெல்லிய கேபிளும் அதே கதைதான்.

இந்த ஏற்பாட்டில் டிவிடிகளில் பெரும்பாலானவை ஒரு முனகலும் இல்லாமல் படித்து முடிந்தன. வேகம் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. டிவிடியின் 1 எக்ஸ் என்பது நொடிக்கு ஏறக்குறைய 1.385 எம்பி, சிடியின் 1 எக்ஸ் 150 கேபி. 8 எக்ஸில் ஓடும் மெல்லிய டிரைவ் நொடிக்கு 11 எம்பி. கேபினெட்டுக்குள் போடும் பெரிய டிரைவ் 16 எக்ஸில் 22 எம்பி. இரண்டுமே யூஎஸ்பி 2.0 வழியாகத் தாராளமாகப் போகும். ஆகவே எக்ஸ்டர்னல் டிவிடி டிரைவின் அட்டைப்பெட்டியில் "யூஎஸ்பி 3.0" என்று பெரிதாகப் போட்டிருந்தால் தகவல் வேகத்தில் ஒரு பயனும் இல்லை, அந்தத் துளை தரும் கூடுதல் மின்சாரம்தான் பயன். ப்ளூ-ரேக்கு வேறு கணக்கு, அதன் 1 எக்ஸே 4.5 எம்பி. பெரியம்மை வீட்டுப் பையில் ப்ளூ-ரே இல்லை. எங்கள் சொந்தத்தில் யார் வீட்டிலும் இருக்கும் என்று தோன்றவில்லை.

விசிடிகளில்தான் மெல்லிய டிரைவ் தடுமாறியது. குறிப்பாகக் கொடை வீடியோக்களில், கடைசிப் பகுதியில். சிடியில் எழுதுவது உள்ளிருந்து வெளியே போகும். கொடையின் கடைசி நேரப் பதிவுகள் விளிம்பை ஒட்டி இருக்கும். தண்ணீர் முதலில் உள்ளே புகுவது விளிம்பு வழியாக. வளைந்த வட்டு அதிகமாக மேலும் கீழும் ஆடுவதும் விளிம்பில்தான். படித்தே தீர வேண்டிய பகுதி, படிக்க மிகக் கடினமான இடத்தில் இருந்தது.

பெரிய டிரைவ் ஒன்று தேவை என்று முடிவானதும் பெரியம்மை வீட்டுப் பழைய கம்ப்யூட்டர் நினைவுக்கு வந்தது. அதுவும் வெள்ளத்தில் நின்றதுதான். மதர்போர்டு பச்சை பூத்து, ஹார்ட் டிஸ்குக்குள் மண் போய், எடைக்குப் போடக் காத்திருந்தது. ஆனால் பழைய கேபினெட்டுகளில் டிவிடி ரைட்டரின் இடம் உச்சியில். தண்ணீர் முக்கால் உயரத்தில் நின்றுவிட்டதற்கான கோடு தகரத்தில் தெரிந்தது; அந்தக் கோட்டுக்கு மேலே டிரைவ் உலர்ந்தே இருந்தது. நான்கு திருகாணியைத் திருப்புளியால் கழற்றி வெளியே எடுத்தேன். 146 மில்லிமீட்டர் அகலம், நல்ல கனம். லேபிளில் 5 வோல்ட் ஒரு வரி, 12 வோல்ட் ஒரு வரி. மோட்டாருக்கு 12 வோல்ட் தனியாகப் போவதால் இந்த வகை டிரைவ் யூஎஸ்பித் துளையை நம்பி இருப்பதில்லை.

மின்சாரம் கொடுத்ததும் விளக்கு எரிந்தது, தட்டு வெளியே வரவில்லை. உள்ளே மோட்டார் முனகும் சத்தம் மட்டும். பல வருடம் சும்மா கிடந்த பெரிய டிரைவுக்கு இது வழக்கமான நோய். தட்டை இழுத்துத் தள்ளுவது ஒரு சின்ன ரப்பர் பெல்ட். அது தளர்ந்து வழுக்கத் தொடங்கினால், வட்டை மேலிருந்து பிடித்திருக்கும் காந்தப் பிடியை மீறித் தட்டை விடுவிக்கத் தெம்பு இருக்காது. லேப்டாப் டிரைவில் இந்தத் தொல்லை இல்லை, அதில் பெல்ட் கிடையாது; பூட்டு விலகியதும் ஸ்பிரிங் தட்டைத் துள்ளவிடும், மீதியை நாம் கையால் இழுக்க வேண்டும்.

மின்சாரத்தை நிறுத்திவிட்டு, முன்முகப்பில் இருக்கும் ஊசித்துளையில் நிமிர்த்திய காகிதக் கிளிப்பை விட்டு அழுத்தினால் தட்டு கொஞ்சம் வெளியே வரும். முழுக்க இழுத்துவிட்டு முகப்பைக் கழற்றினால் பெல்ட் கண்ணுக்குத் தெரியும். கழற்றி வெந்நீரில் போட்டெடுத்தால் சில நாளைக்கு இறுக்கம் திரும்பும் என்பார்கள், உண்மைதான். எனக்குச் சில நாள் போதாது. டவுனில் ரத வீதிப் பக்கம் பழைய டேப்ரிக்கார்டர்களைப் பழுதுபார்க்கும் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். பெல்ட்டைக் காட்டினேன்.

"எதில் உள்ளது தம்பி?"

"டிவிடி ரைட்டர், அண்ணாச்சி."

"அதையெல்லாம் இன்னும் யார் திறக்கிறார்கள்" என்று சொல்லிக்கொண்டே, ஆணியில் மாலை மாலையாகத் தொங்கிய பெல்ட்டுகளில் ஒன்றை உருவி, பழையதன் மேல் வைத்து அளந்து கொடுத்தார். ஒரு பொட்டு சிறியது. அதுதான் நல்லது, புதிதில் கொஞ்சம் இறுக்கமாகவே இருக்க வேண்டும் என்றார். மாட்டினேன், தட்டு வந்தது.

முகப்பு கழன்றிருக்கும்போதே லென்ஸையும் துடைத்தேன். காது குடையும் பஞ்சுக்குச்சியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு, உதறி, லென்ஸின் மேல் தொட்டும் தொடாமலும் ஒரு சுற்று. லென்ஸ் தொங்குவது மயிரிழைக் கம்பிகளில். அழுத்தினால் கதை முடிந்தது. மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு டிரைவை ஓட்டிப் பார்க்கும் ஆசை யாருக்கும் வர வேண்டாம். சிடிக்கான லேசர் 780 நானோமீட்டர் அகச்சிவப்பு. அதன் பிரகாசம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும்.

லேசரைப் பற்றிச் சொல்லும்போதே இன்னொன்று. டிவிடி ரைட்டருக்குள் இரண்டு லேசர் இருக்கின்றன. சிடிக்கு 780, டிவிடிக்கு 650 நானோமீட்டர். எழுதக்கூடிய சிடியின் சாயம் 780-க்காகச் செய்யப்பட்டது, 650-இல் அது சரியாக எதிரொளிக்காது. முதல் தலைமுறை டிவிடி பிளேயர்கள் சில, எழுதிய சிடிக்களைத் துப்பியது இதனால்தான். இரண்டு லேசரில் ஒன்று செத்து மற்றது உயிரோடு இருக்கும் டிரைவ்கள் பழைய சாமான் கடைகளில் நிறையக் கிடைக்கும். பழையது வாங்குகிறவர் ஒரு சிடியும் ஒரு டிவிடியும் கையில் கொண்டுபோய் இரண்டையும் ஓட்டிப் பார்த்துத்தான் காசு கொடுக்க வேண்டும்.

இந்தப் பெரிய டிரைவை எப்படி இணைப்பது? ஹார்ட் டிஸ்க் வேலைகளுக்காக, 12 வோல்ட் அடாப்டரோடு வரும் சாட்டா-யூஎஸ்பி இணைப்பி ஒன்று வைத்திருக்கிறேன். அதில் மாட்டினால் இன்டர்னல் டிரைவும் மேசை மேல் எக்ஸ்டர்னலாகிவிடும். டிவிடிகளை ஒழுங்காகப் படித்தது. விசிடியைக் கச்சாவாகப் படிக்கச் சொன்னதும் பிழை காட்டி நின்றது. நடுவில் இருக்கும் சில்லு எல்லாக் கட்டளைகளையும் டிரைவுக்குக் கடத்தவில்லை. இணைப்பியை ஒதுக்கிவிட்டு, கேபினெட்டின் பின்புறம் காலியாக இருந்த ஒரு ஸ்லாட்டின் தகட்டைக் கழற்றி, அதன் வழியாகச் சாட்டா கேபிளையும் கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸின் மின்கம்பியையும் வெளியே எடுத்து, ஒரு மரப்பலகையின் மேல் டிரைவை மட்டமாக வைத்து நேரடியாக இணைத்தேன். சாட்டா கேபிள் ஒரு மீட்டர்வரை நீளலாம், ஆகவே இடம் போதும். என் மதர்போர்டில், போர்டிலேயே நேராகச் செருகும் எம்.2 டிஸ்க் போட்டிருக்கும்போது சாட்டா துளைகளில் ஒன்று வேலை செய்யாது. பல போர்டுகளில் இப்படி ஒரு பங்கீடு உண்டு, கையேட்டில் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து வேறு துளையில் செருகினேன். அழகாக இல்லைதான். கண்ணாடிக் கேபினெட்டின் பக்கத்தில் ஒரு பழுப்பேறிய டிரைவ் பலகை மேல் படுத்திருப்பதைப் பார்த்து வீட்டில் எல்லோரும் ஒரு தடவை கேட்டுவிட்டார்கள்.

கச்சாவாகப் படிப்பது என்றேன். விசிடி வைத்திருக்கிறவர்களுக்கு இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல விசிடிகள்கூட இந்த இடத்தில்தான் குப்பைக்குப் போகின்றன. சிடியில் தகவலைத் துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்; செக்டர் எனப்படும் ஒவ்வொரு துண்டும் 2352 பைட். சாதாரண டேட்டா சிடியில் அதில் 2048 பைட் மட்டுமே நம் தகவல். மிச்சத்தில் பெரும்பகுதி கூடுதல் பிழைதிருத்தத்துக்குப் போகிறது. விசிடியில் வீடியோ இருக்கும் செக்டர்கள் அந்தக் கூடுதல் காவலை விட்டுவிட்டு 2324 பைட்டைப் படத்துக்கே கொடுத்துவிடுகின்றன. படத்தில் ஒரு பைட் தப்பானால் ஒரு கட்டம் சிதறும், அவ்வளவுதான் என்ற கணக்கு. இதன் விளைவு: 2048 பைட் கணக்கில் நகல் எடுக்கும் எந்த மென்பொருளும் விசிடியின் வீடியோவில் முட்டி நிற்கும். லினக்ஸில் வட்டைத் திறந்து, அதில் தெரியும் டாட் (.dat) வீடியோக் கோப்பை இழுத்துப் போட்டால், புத்தம் புதிய விசிடியிலும் பிழைதான் வரும். விண்டோஸ் கோப்பை நகலெடுக்கும், ஆனால் முதல் கெட்ட செக்டரிலேயே மொத்தத்தையும் கைவிட்டுவிடும்.

நான் பயன்படுத்தியது சிடிஆர்டிஏஓ என்ற பழைய லினக்ஸ் கருவி. 2352 பைட்டையும் அப்படியே எடுத்து ஒரு பெரிய கோப்பாக்கும். பிறகு விசிடிஎக்ஸ்ரிப் என்ற கருவி அந்தக் கோப்பிலிருந்து எம்பெக் வீடியோவைப் பிரித்துத் தரும். 352-க்கு 288 புள்ளி கொண்ட படம்; இன்றைய டிவியில் பார்த்தால் மங்கல்தான். அதை "மேம்படுத்தி" வேறு வடிவத்துக்கு மாற்றும் வேலையை நான் செய்யவில்லை. இருக்கிறதை இருக்கிறபடி வைப்பது முதலில்.

பெரிய டிரைவில் வேகத்தை 4 எக்ஸுக்குக் குறைத்து, கொடை விசிடிகளை ஒவ்வொன்றாக விட்டேன். மெல்லிய டிரைவ் கைவிட்ட விளிம்புப் பகுதிகளில் பெரும்பாலானவற்றை இது படித்துவிட்டது. வில்லின் மணிச்சத்தமும் உடுக்கும் சுத்தமாக வந்தன; படத்தில் ஆங்காங்கே கட்டம் கட்டமாகச் சிதறல். காகித லேபிள் உப்பியவற்றையும் இந்த வேகத்தில் அதிர்வில்லாமல் ஓட்ட முடிந்தது.

இவ்வளவோடு பெரிய டிரைவ்தான் சிறந்தது என்று முடித்திருப்பேன். பால்காய்ப்பு டிவிடி அதைக் கெடுத்தது. பெரிய டிரைவில் அது காலி வட்டு என்று வந்தது. மெல்லியதில் போட்டால் உடனே அடையாளம் கண்டது, ஆனால் நடுவே சில இடங்களில் படிக்கவில்லை. ஒவ்வொரு டிரைவின் லென்ஸும், குவியத்தைச் சரிசெய்யும் விதமும், உள்ளிருக்கும் நிரலின் பொறுமையும் வேறு வேறு. ஒன்றுக்குத் தெரியாதது இன்னொன்றுக்குத் தெரிகிறது. நல்ல டிரைவ் ஒன்றைவிட, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத இரண்டு சுமாரான டிரைவ்கள் மீட்பு வேலைக்கு மேல் என்பது இப்போது என் கட்சி.

டிவிடியில் இதைப் பயன்படுத்திக்கொள்ள அருமையான வழி இருக்கிறது. டிடிரெஸ்க்யூ என்ற இலவசக் கருவி, செக்டர் அளவு 2048 என்று சொல்லிக் கொடுத்தால், முதலில் நல்ல பகுதிகளை வேகமாக அள்ளிவிட்டு, கெட்ட இடங்களை ஒரு வரைபடக் கோப்பில் குறித்து வைக்கும். வட்டை எடுத்து இன்னொரு டிரைவில் போட்டு, அதே வரைபடத்தோடு மறுபடி ஓட்டினால், விடுபட்ட இடங்களை மட்டும் தேடிப் போகும். பால்காய்ப்பு டிவிடியின் வரைபடத்தில் ஓட்டைகள் எல்லாம் 32 கேபி, 64 கேபி என்றே இருந்தன. டிவிடியில் 16 செக்டர்கள் சேர்ந்து ஒரு பிழைதிருத்தக் கட்டு. கட்டு உடைந்தால் 16-உம் போகும். மெல்லிய டிரைவில் வட்டு சூடேறிய பிறகு, அதை உடனே வெளியே எடுத்துப் பெரிய டிரைவில் மாற்றிப் போட்டபோது அதுவும் அடையாளம் கண்டுகொண்டது. ஏன் என்று விளக்கம் தேடவில்லை; ஓட்டைகளில் பாதிக்கு மேல் அடைபட்டன, மகிழ்ச்சி. அடைபடாதவை நல்லவேளையாகப் பந்தி பரிமாறும் இடத்தில் விழுந்திருக்கின்றன.

8 சென்டிமீட்டர் டிவிடிகளுக்குத் தட்டு உள்ள டிரைவ்தான் வேண்டும். தட்டின் நடுவே சிறிய வட்டப் பள்ளம் அதற்காகவே இருக்கிறது. வாய்க்குள் வட்டை உறிஞ்சிக்கொள்ளும் ஸ்லாட் வகை டிரைவில் இதை விட்டால் பெரும்பாலும் திரும்பி வராது. கேமராவில் பதிவை முடித்து மூடாமல் விட்டிருந்தால் வேறு டிரைவுக்கு அது காலி வட்டாகவே தெரியும். எங்கள் குட்டி வட்டுகளில் ஒன்று அந்த வகை. பதிவு செய்த அதே கேமரா கிடைத்தால் மூடிப் பார்க்கலாம் என்று ஓரமாக வைத்திருக்கிறேன்.

இந்த வேலை நடந்துகொண்டிருக்கும்போதே அம்பாசமுத்திரத்திலிருந்து அத்தான் கூப்பிட்டார். மதினிக்கு முழங்கால் எம்ஆர்ஐ எடுத்திருக்கிறார்கள், ஃபிலிமோடு ஒரு சிடியும் கொடுத்திருக்கிறார்கள், மதுரையில் இருக்கும் டாக்டர் படங்களை அனுப்பச் சொல்கிறார், லேப்டாப்பில் சிடி போடும் இடமே இல்லை. இன்றைய தேதியில் சிடி டிரைவ் தேடுகிறவர்களில் பெரும்பாலோர் அத்தானைப் போன்றவர்கள்தான் என்று நினைக்கிறேன். அவருக்கு என் பலகை டிரைவின் பெருமையைச் சொல்லிப் பயனில்லை.

"அத்தான், தட்டு இழுக்கிற மாதிரி மெல்லிய யூஎஸ்பி டிரைவ் வாங்குங்கள். ப்ளூ-ரே வேண்டாம். இரட்டைத் தலைக் கேபிள் இருக்கிறதா, இல்லை மின்சாரத்துக்குத் தனித் துளையாவது இருக்கிறதா என்று பாருங்கள். 24 எக்ஸ் போட்டிருக்கிறான், யூஎஸ்பி 3 போட்டிருக்கிறான் என்று கடைக்காரர் விலை ஏற்றினால் கேட்காதீர்கள்."

"கடையிலேயே போட்டுப் பார்க்கலாமா?"

"லேப்டாப்பையும் ஸ்கேன் சிடியையும் எடுத்துக்கொண்டே போங்கள். சார்ஜரைக் கழற்றிவிட்டு, பேட்டரியில் ஓடும்போது போட்டுப் பாருங்கள். கூடவே ஏதாவது ஒரு டிவிடியும்."

வண்ணார்பேட்டையில் ஒரு கடையில் வாங்கினார். அவருடைய லேப்டாப்பில் இருந்தது சின்ன டைப்-சி துளைகள் மட்டும் என்பதால், ஒரு மாற்றியும் சேர்த்து வாங்க வேண்டியிருந்தது. ஸ்கேன் சிடிக்குள் படங்களைப் பார்க்கும் மென்பொருளும் உள்ளேயே இருக்கும்; அதைக் கிளிக் செய்து படத்தைத் திரையில் பார்த்து அப்படியே போட்டோ பிடித்து அனுப்ப இருந்தார். அது வேண்டாம், முதலில் சிடி மொத்தத்தையும் ஒரு ஃபோல்டருக்குள் நகலெடுங்கள், பிறகு அந்த ஃபோல்டரைச் சுருக்கி ஒரே கோப்பாக அனுப்புங்கள், டாக்டருக்குத் தேவை அந்த மூலக் கோப்புகள்தான் என்று சொன்னேன். நகலெடுக்கும்போது டிரைவ் நடுவில் ஒருமுறை நின்றதாம். இரண்டாவது தலையையும் செருகச் சொன்னேன். அத்தான் அதை வாங்கிய பெட்டிக்குள்ளேயே விட்டுவைத்திருந்தார்.